ஆப்பிள் வினிகரும் பத்து மணி நடுக்கமும்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 47 வயது. கம்பம் பக்கத்து ஊர். தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, இரவில் மெட்ஃபார்மின் மட்டும் ஒன்று போடுகிறேன். போன மாதம் வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரி 8.4 என்று வந்தது. கட்டப்பனையில் இருக்கும் என் மதினி ஆப்பிள் சைடர் வினிகர் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும், மாத்திரையே தேவைப்படாது என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு மூடி வினிகரை அரை டம்ளர் வெந்நீரில் ஊற்றிக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஜீப் ஏறிவிடுகிறேன். குடித்தபின் பசி தெரிவதில்லை, அதனால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. நெஞ்சு எரிகிறது, பல் கூசுகிறது. பத்து மணி வாக்கில் சரிவில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டி கை நடுங்குகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உடம்பில் உள்ள கெட்ட நீர் வெளியேறுகிறது, பயப்படாதே என்கிறார் மதினி. இதைத் தொடரலாமா? மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாமா? பாட்டிலின் அடியில் சளி மாதிரி நூல் நூலாக இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? கல்லூரியில் படிக்கும் என் மகளும் உடம்பு குறைக்க இதைக் குடிக்கலாமா என்று கேட்கிறாள்.

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம்தான் என்னைப் பதற வைத்தது. அதை முதலில் பேசிவிடுகிறேன். வினிகருக்கு அப்புறம் வருவோம்.

பத்து மணிக்கு வரும் வியர்வையும் நடுக்கமும் கண் இருட்டும் கெட்ட நீர் வெளியேறுவதால் வருவதில்லை. உங்கள் ரத்தத்தில் சர்க்கரை வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கும்போது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கைக்கு இதே முகம்தான். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்கிறோம். நீங்கள் காலையில் போடும் மாத்திரையில் இருக்கிற கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஐந்து மணிக்குப் போட்டால் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். வயிற்றில் அரை டம்ளர் புளித்த தண்ணீர் மட்டும். அதற்குமேல் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி, குனிந்து காய் எடுக்கிற வேலை. தசைகள் இருக்கிற கொஞ்ச நஞ்ச சர்க்கரையையும் எடுத்துக்கொள்கின்றன. பத்து மணிக்கு நடுங்காமல் என்ன செய்யும்?

இதில் வினிகரின் பங்கு என்ன என்று கேட்டால், அது உங்கள் பசியை மறைத்தது. பசி தெரிந்திருந்தால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டிருப்பீர்கள். வினிகர், இன்சுலின் ஊசியோடும் இந்த வகை மாத்திரையோடும் சேரும்போது சர்க்கரையை இன்னும் சற்றுக் கீழே தள்ளக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் முக்கியக் காரணம் அந்த மாத்திரையும் வெறும் வயிறும் சேர்ந்ததுதான்.

ஆகவே நாளைக் காலையிலிருந்தே இப்படிச் செய்யுங்கள். வினிகர் வேண்டாம். ஐந்து மணிக்கு மாத்திரையும் வேண்டாம். இரண்டு மூன்று இட்லியோ, ஒரு கேப்பை ரொட்டியோ, கொஞ்சம் சுண்டலோ தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். ஜீப்பில் இருந்து இறங்கி, வேலைக்கு நிற்பதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த மாத்திரையைப் போடுங்கள். சாப்பிட முடியாத காலையில் அதைப் போடாதீர்கள். இரவு மாத்திரையை வழக்கம்போல் சாப்பாட்டோடு தொடருங்கள். இந்த வாரத்துக்குள் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், பத்து மணிக்கு நடுங்குகிறது என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். 8.4 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் மாத்திரையைக் கூட்டத்தான் தோன்றும். நடுக்கத்தைச் சொன்னால்தான் அவருக்கு முழுப் படமும் தெரியும்.

சேலை முடிச்சிலோ இடுப்புப் பையிலோ ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் வரிசையை முடித்துவிட்டு உட்காரலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி அளவு தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். சர்க்கரை போதாதா, குளுக்கோஸ் எதற்கு என்று கேட்பீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவதாக வோக்ளிபோஸ் என்று ஒரு பெயரும் சேர்ந்திருந்தால், வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் உடனே வேலை செய்யாது. அவற்றை உடைத்து ரத்தத்தில் சேர்ப்பதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. குளுக்கோஸை உடைக்கத் தேவையில்லை. பக்கத்து வரிசையில் காய் எடுக்கும் பெண்ணிடமும் கங்காணியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: நான் தடுமாறினால் குளுக்கோஸ் கொடுங்கள், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்று. சரிவில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போது வினிகர்.

உங்கள் மதினி சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. ஆப்பிள் சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைத்துச் சாராயச் சத்தாக்கும்; அதை இன்னொரு வகை பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக மாற்றும். பாட்டிலில் இருப்பதில் சுமார் 5 சதவீதம் இந்த அமிலம், மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஆப்பிளின் சத்தெல்லாம் இதில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் மூன்று கலோரியும், சொல்லிக்கொள்ளும்படி இல்லாத அளவு பொட்டாசியமும்தான் இருக்கும். வேலை செய்வது அந்த அமிலம். அது எந்த வினிகரிலும் உண்டு. மலையாளத்து வீடுகளில் ஊறுகாய்க்கும் மீனுக்கும் ஊற்றுகிற கள்ளு வினாகிரியிலும் அதே அமிலம்தான்.

மாவுச்சத்து உள்ள சாப்பாட்டோடு வினிகர் சேரும்போது இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மாவு சர்க்கரையாக உடைவதும் சற்றுத் தாமதப்படுகிறது. அதனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் தணிந்து ஏறுகிறது. 2004-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கேரல் ஜான்ஸ்டன் குழுவினர் செய்த ஆய்வில், மாவுச்சத்து மிகுந்த சாப்பாட்டுக்கு முன் 20 கிராம் ஆப்பிள் வினிகரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சர்க்கரை நோய் வரும் தறுவாயில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு வேளையில் இன்சுலின் வேலை செய்யும் திறன் 34 சதவீதம் கூடியது. ஏற்கனவே நோய் வந்துவிட்டவர்களுக்கு 19 சதவீதம்தான். அடுத்த வருடம் சுவீடனில் 12 ஆரோக்கியமான பேருக்கு வெள்ளை ரொட்டியோடு வினிகர் கொடுத்துப் பார்த்ததிலும் இதே போக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, இவை எல்லாம் சாப்பாட்டோடு, அல்லது சாப்பாட்டுக்குச் சற்று முன் எடுத்தவை. மெதுவாக்குவதற்கு வயிற்றில் சோறு இருந்தால்தான் வினிகருக்கு வேலை. ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு ஒரு மணிக்குச் சோறு சாப்பிட்டால், அந்தச் சோற்றுக்கும் இந்த வினிகருக்கும் சம்பந்தமே கிடையாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு இறங்கும்? 2007-ல் அதே அரிசோனாக் குழு, இன்சுலின் போடாத சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு, படுக்கப் போகும் முன் இரண்டு மேசைக்கரண்டி வினிகரைப் பாலாடைக்கட்டியோடு கொடுத்தது. காலைச் சர்க்கரை 4 சதவீதம் குறைந்தது. உங்கள் 168-ல் 4 சதவீதம் கழித்தால் 161. அவ்வளவுதான். ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிய பாட்டில், பல்லையும் நெஞ்சையும் எரித்து, அந்த ஆய்வில் போலவே வேலை செய்தாலும் தரக்கூடியது ஏழு புள்ளி. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், 168 எங்கே போய் நிற்கும் என்பதை நான் இந்த மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் மாத்திரையைத் தொடாமல் வினிகர் மட்டும் குடித்தவர் ஒருவர், கால் கட்டைவிரலில் ஆறாத புண்ணோடு வந்தார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. அவரும் படித்தவர், உழைப்பாளி, யாரோ அன்போடு சொன்னதைக் கேட்டவர். தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக்கூட வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்கும் காரணம் இதுதான். வெறும் வயிற்றில் அமிலத்தைக் குடித்துவிட்டு, நெருக்கியடித்து உட்கார்ந்து கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போகிறீர்கள். இரைப்பையில் இருப்பது மேலே ஏறி உணவுக்குழாயைச் சுடுகிறது. நிறுத்தினால் சில நாளில் அடங்கிவிடும். இரண்டு வாரம் கழித்தும் எரிந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ காட்ட வேண்டும். இன்னொன்று: வருடக்கணக்காகச் சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பை நரம்பு தளர்ந்து, சாப்பாடு இறங்குவதே மெதுவாகியிருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது போல, குமட்டலாக இருக்கும். சுவீடனில் அப்படிப்பட்ட 10 பேருக்கு இரண்டு வாரம் தினம் 30 மி.லி. ஆப்பிள் வினிகர் கொடுத்தபோது, இரைப்பை காலியாகும் வேகம் 27 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. அவர்கள் இன்சுலின் போடுபவர்கள். ஊசி ஒரு பக்கம் வேலை செய்ய, சாப்பாடு இன்னொரு பக்கம் தாமதமாக வந்தால் தாழ்சர்க்கரை வரும். பசி தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுவும் நினைவுக்கு வந்தது. வினிகரை நிறுத்தியபிறகும் பசி திரும்பவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல் கூச்சத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு முட்டை போதும். கோழி முட்டை ஒன்றை ஒரு டம்ளரில் வைத்து, மூழ்கும்வரை அந்த வினிகரை ஊற்றுங்கள். உடனே ஓடு முழுக்கக் குமிழி குமிழியாகக் கிளம்பும். மறுநாள் எடுத்தால் ஓடு தேய்ந்து மாவு போல விரலில் வரும். இரண்டாம் நாள் ஓடே இல்லாமல், உள்ளே இருக்கும் சவ்வோடு மெத்தென்று கையில் உருளும். பல்லின் எனாமல் முட்டை ஓட்டைவிடப் பல மடங்கு உறுதி, அது இவ்வளவு வேகமாகக் கரையாது. ஆனால் அமிலம் அதைக் கரைக்கிற திசை இதேதான். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. குடித்தவுடன் பல் தேய்த்தால் இளகியிருக்கும் மேல்பூச்சு இன்னும் தேயும். புளிப்பாக எதைச் சாப்பிட்டாலும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். கூச்சம் ஒரு மாதத்துக்குள் போகவில்லை என்றால் பல் டாக்டரைப் பாருங்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். அந்த மாத்திரைகளில் பல ஏற்கனவே பொட்டாசியத்தைக் குறைப்பவை. 1998-ல் ஆஸ்திரியாவில் பதிவான ஒரு பெண்ணுக்கு வயது 28. ஆறு வருடம் தினம் கால் லிட்டர் ஆப்பிள் வினிகர் குடித்தவர். பொட்டாசியம் வெகுவாகக் குறைந்து, அந்த வயதிலேயே எலும்பும் மெலிந்துபோயிருந்தது. அவ்வளவு யாரும் குடிக்க மாட்டார்கள்தான். ஆனால் இயற்கைப் பொருள்தானே, எவ்வளவு குடித்தால் என்ன என்று கேட்பவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

அடியில் நூல் நூலாக இருப்பது கெட்டுப்போனது இல்லை. அந்த அமிலத்தை உண்டாக்கிய பாக்டீரியாவும் அவை பின்னிய நாரும் சேர்ந்த படலம் அது. அதைத் 'தாய்' என்று சொல்லி, அது இருந்தால்தான் மருந்து என்று விற்கிறார்கள். சர்க்கரைக்கு அதனால் தனிப் பலன் உண்டு என்று காட்டும் நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. பாட்டிலின் பின்பக்கத்தை மகளிடம் படிக்கச் சொல்லுங்கள். 'சிந்தெடிக்' என்று எழுதியிருந்தால், அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தது. அப்படிச் செய்தால் லேபிளில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது நம் உணவு விதி.

இனி மகள் விஷயம். உடம்பு குறையும் என்று அவளுக்கு யார் சொல்லியிருந்தாலும், அந்தப் பேச்சு லெபனானில் இருந்து 2024-ல் வந்த ஓர் ஆய்வைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். 120 இளம் வயதினர், 12 வாரம், தினம் ஒரு கரண்டி வினிகர், ஆறேழு கிலோ குறைந்தது என்று உலகம் முழுக்கச் செய்தியானது. 2025 செப்டம்பரில் அதை வெளியிட்ட இதழே, கணக்கும் தரவும் நம்பும்படி இல்லை என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. திரும்பப் பெற்ற செய்தி முதல் செய்தியின் கால்வாசி தூரம்கூடப் போகவில்லை. அதற்கு முன்னால் 2009-ல் ஜப்பானில் சற்றுப் பருமனானவர்களிடம் செய்த ஆய்வில், 12 வாரம் தினம் 15 முதல் 30 மி.லி. குடித்தவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோதான் எடை இறங்கியது. நிறுத்திய ஒரு மாதத்தில் எடை திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. இருபது வயதுப் பெண் அதற்காகப் பல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. அவளை ஒருமுறை என்னிடமோ, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை தேவை.

உங்கள் சர்க்கரை இறங்க வேண்டும், அதற்கு என்ன வழி என்பதுதானே உங்கள் உண்மையான கேள்வி. மதியத் தூக்குவாளியையும் தோட்டத்தில் குடிக்கும் கட்டன் சாயாவையும் பற்றி நீங்கள் எழுதவில்லை. மேலே வேலைக்குப் போகும் பெண்களை இருபது வருடமாகப் பார்க்கிறவள் என்பதால் ஊகிக்கிறேன். நாளுக்கு மூன்று டம்ளர் கட்டன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 30 கிராம். குளிருக்கு இதமாக இருக்கும், அதைக் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை போடாமல் குடியுங்கள். முதல் வாரம் நாக்குக்குப் பிடிக்காது, அப்புறம் பழகிவிடும். மதியம் அமுக்கி அடைத்த சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலோ அவித்த பயறோ முட்டையோ வையுங்கள். சாப்பிடும்போது காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள். வரிசையை மாற்றுவது மட்டுமே சாப்பாட்டுக்குப்பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும், காசு செலவும் கிடையாது. கப்பைக் கிழங்கு வேகவைத்த நாளில் சோறு வேண்டாம். இரண்டும் ஒரே மாவுதான். காலைச் சாப்பாடு திரும்ப வந்தாலே மதியம் தட்டு தானாகக் குறையும்.

புளிப்பு நல்லதுதானே என்றால், நல்லதுதான். பிரான்சில் ரொட்டியோடு எலுமிச்சைச் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களுக்குச் சர்க்கரையின் உச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் சாப்பாட்டில் புளிக்கு என்ன பஞ்சம்? புளிக்குழம்பு, மோர், எலுமிச்சை, மேலே போனால் குடம்புளி போட்ட மீன். அந்தப் புளிப்பு சோற்றோடு சோறாக வருகிறது, தொண்டையைச் சுடாமல் வருகிறது. ஆனால் குழம்பு புளிக்கிறதே என்று சோற்றைக் குவித்தால் கணக்கு மறுபடி தப்பிவிடும்.

பாட்டிலில் மீதி இருப்பதைக் கொட்ட வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது. நெஞ்செரிச்சல் முழுதாக அடங்கியபிறகு, வெள்ளரியும் பெரிய வெங்காயமும் கேரட்டும் நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் போட்டு, அதன்மேல் ஒரு தேக்கரண்டி விட்டுப் பிரட்டி மதியத் தூக்கில் ஒரு ஓரத்தில் வையுங்கள். மதினி கேட்டால், வினிகர் குடிக்கவில்லை, சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். நடுக்கத்தைப் பற்றி நான் எழுதியிருக்கும் பகுதியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவருக்கும் சர்க்கரை மாத்திரை இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள்.